செல்லாப் பெயர்கள்: நீக்குவதா, மாற்றுவதா?



எச்சொல்லும் எவ்வெழுத்திலும் தொடங்கலாம் என்று எந்த மொழியும் விட்டுவிடுவதில்லை. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பதைத் தொல்காப்பிய மொழிமரபால் அறிவோம். ஆயினும் லகரத்தை முதலாகக் கொண்ட அயற்சொற்கள் வந்தபோது, தமிழ் முன்னே ஓர் உயிரைச் சேர்த்து அவற்றை இலாபம் என்றும் உலோகம் என்றும் ஏற்றுக்கொண்டது. வடிவம் சற்றே மாறிற்று, பொருள் நின்றது, மூலச்சொல்லையும் மீட்டறிய முடிகிறது. அலுவலகக் கணினிகள் 'செல்லாத பெயர்' என்று மறுக்கும் கோப்புகளுக்கும் இம்முறையே தக்கதென்பது நம் கருத்து.

கணினிக்கும் மொழிமுதல், மொழியிறுதி விதிகள் உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தில் முக்காற்புள்ளி, வினாக்குறி, சாய்கோடு உள்ளிட்ட ஒன்பது குறிகள் பெயரில் வரலாகா. இறுதியில் புள்ளியோ இடைவெளியோ நிற்கலாகாது. மேக் கணினியிலோ 'பற்றுச்சீட்டு 3/4' என்று சாய்கோடிட்டுப் பெயர் வைக்கலாம். அக்கோப்பை அலுவலக வழங்கிக்கு அனுப்பும்போதுதான் சிக்கல் தெரியும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வேறொரு தடையும் உண்டு. 'சிங்கப்பூர்' என்பது நம் கணக்கில் 6 எழுத்து. ஒருங்குறியில் அது 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 33 பைட்டுகள். லினக்ஸ் வழங்கிகள் பல, ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே இடமளிக்கும்; அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸ் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளத்தை ஏற்கும். நீண்ட தலைப்பையே பெயராக வைக்கும் நம் ஆசிரியர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒகர உயிர்மெய் இன்னும் நுட்பமானது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. விண்டோஸ் கோப்பு முறைமைக்கோ அவை இரு வேறு பெயர்கள். ஆகவே 'கொள்முதல்' என்ற பெயரில் இரு கோப்புகள் அருகருகே நிற்கக்கூடும். இரட்டிப்பென்று எண்ணி ஒன்றை அழிப்பவர், அவற்றின் உள்ளடக்கமும் ஒன்றுதானா என்று முதலில் ஒப்பிட வேண்டும்.

நாமறிந்த ஓர் அலுவலகத்தில் பழைய வழங்கியிலிருந்து கோப்புகளை மாற்றியபோது, ஆங்கிலமல்லாத ஒவ்வொரு குறியையும் அடிக்கோடாக்கும் மென்பொருளை ஓட்டினர். 'வரவு' நான்கு குறி; 'கடன்' என்பதும் நான்கு குறி. இரண்டும் நான்கு அடிக்கோடுகளாயின. பின்னர் வந்தது முன்னதன்மேல் எழுதப்பட்டது. கடன் மட்டும் எஞ்சிற்று! மென்பொருள் எப்பிழையும் காட்டவில்லை. அதன் பார்வையில் எல்லாப் பெயர்களும் செல்லுபடியாகிவிட்டன. ஒலியை மாற்றினாலும் சொற்களின் வேறுபாட்டைக் காப்பதே நல்ல விதி. அம்மென்பொருள் வேறுபாட்டையே அழித்தது.

ஆகவே முதலில் முழுப்படி எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸில் இறுதி இடைவெளியால் திறக்க மறுக்கும் கோப்பின் முழுப் பாதைக்கு முன் \\?\ என்று சேர்த்துக் கட்டளையிட்டால், இயங்குதளம் பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றவும் இயலும், அழிக்கவும் இயலும். லினக்ஸில் தட்டச்சிடவே இயலாத பெயராயினும், அக்கோப்புக்குரிய உள்ளெண்ணைக் கொண்டு அதனைப் பிடிக்கலாம். டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியேற்றங்களில் எழுதிய பெயர்கள் குப்பைபோல் தோன்றும்; அவை குப்பையல்ல. எந்தக் குறியேற்றம் என்று கண்டறிந்து ஒருங்குறிக்கு மாற்றினால் பெயர் மீளும். ஆண்டுதோறும் மாணவர் கட்டுரைகளைச் சேர்த்துவரும் பள்ளிகளில், எழுதியவர் பெயர் பல வேளைகளில் கோப்பின் பெயரில் மட்டுமே இருக்கும். அதை எண்ணியே இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

மாற்றும் ஒவ்வொரு பெயருக்கும் பழையது, புதியது, மாற்றிய நாள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பட்டியற் கோப்பின் பெயரையாவது, எந்தக் கணினியும் மறுக்காதபடி, வெறும் எண்களால் அமைத்துவிடுங்கள்.