எதிரே ஒருவர்



எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் இராவணா எல்ல அருவியருகே பஸ் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சதுரங்கம் ஞாபகம் வரும். 1790இல் வெளியான தம் கட்டுரையில் சேர் வில்லியம் ஜோன்ஸ் ஒரு பழங்கதை சொல்கிறார். இராமனின் படை இலங்கையை முற்றுகையிட்டிருந்த வேளையில் இராவணனின் மனைவி, கணவனின் மனத்துக்கு ஆறுதலாகப் போரின் சாயலில் இந்த ஆட்டத்தை உண்டாக்கினாளாம். வரலாறென்று யாரும் கொள்ள மாட்டார்கள். ஆயினும் அடைபட்டுக் கிடப்பவனுக்கு எதிரே உட்கார ஒருவர் வேண்டுமென்பதை அந்தக் கதை சொன்னவர் அறிந்திருந்தார்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் ஒரு சதுரங்கக் கணனி இருக்கிறது. 1990களில் வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்தது. காயைக் கட்டத்தில் அழுத்தி வைத்தால் ஓரத்துச் சிவப்பு விளக்குகள் மினுங்கிப் பதில் சொல்லும். அதன் காயையும் நாமேதான் நகர்த்த வேண்டும்!

"பேரனின் போன் இதைவிட நன்றாக ஆடுமே, ஐயா?" என்றேன்.

"அதோட ஆடினா தோத்துக்கிட்டே இருக்கணும், மாஸ்டர். இது என்னைப் போல பிழை விடும்."

அந்தப் பிழை சுவையானது. பழைய இயந்திரங்கள் சில நகர்த்தல்கள் வரைதான் முன்னே பார்க்கும். ஒரு காய் தப்பாதென்று கண்டால், இடையில் சிப்பாய்களை வீணாக வெட்டுக்கொடுத்து அந்த இழப்பைத் தன் பார்வைக்கு அப்பால் தள்ளும். தள்ளியதும் தப்பிவிட்டதாகவே எண்ணிக்கொள்ளும். ஹான்ஸ் பெர்லினர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை 'அடிவான விளைவு' என்றார். கடன்காரனுக்கு நாளை வரச் சொல்லும் நமக்கு இது புதிதா என்ன?

1997இல் டீப் புளூ கஸ்பரோவை வென்றதோடு யார் பெரியவர் என்ற வழக்கு முடிந்தது. அதன் பிறகும் பழைய பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1977இல் விற்பனைக்கு வந்த பிடிலிட்டி நிறுவனத்தின் செஸ் சலஞ்சர் அவர்களுக்குப் பொக்கிஷம். பின்னர் அந்நிறுவனத்துக்கு நிரல் எழுதியவர்கள் டான், கேத் ஸ்பிராக்லன் என்ற தம்பதியர். (மறுபடியும் ஒரு கணவனும் மனைவியும்!) சில்லில் பதித்த அந்த நிரல் மாறாது. அன்று ஆடிய அதே பிடிவாதத்தோடு இன்றும் ஆடும். எழுதியவரின் குணத்தோடு பழகுவதுபோலத்தான் இருக்கும்.

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சற்றுத் தயங்கியே சொன்னார்.

"மேல துரை, கீழ ஆட்கள். யாரோட உக்காந்து ஆடுறது? லயத்துப் பொடியனைக் கூப்பிட்டா, வெட்டவேண்டிய எடத்துல பயந்து வெட்டாம விட்டுருவான். இதுக்கு நான் கணக்கப்பிள்ளைன்னு தெரியாது."

லயத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல் சுட்டது. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டு என்னை எதிரே உட்காரச் சொன்னார். வெளியே நமுனுகுல மலையை மூடுபனி மறைத்துவிட்டது. ஒரு கட்டத்தில் அவருடைய ராணி காவலின்றி நின்றது. கை ஒரு கணம் தயங்கியது உண்மை.

வெட்டினேன்.

அவர் பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கதிரையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே திரும்பித் தேநீருக்குக் குரல் கொடுத்தார்.