ஸாரின்னா என்ன, பாட்டி?



என் பேத்திக்கு நாலரை வயது. போன மாதம் ஒரு மத்தியானம் தண்ணீர்ச் செம்பைக் காலால் தட்டிவிட்டாள். முறத்தில் நான் புடைத்து வைத்திருந்த உளுந்தெல்லாம் நனைந்துபோயிற்று. "ஸாரி" என்றாள். இரண்டடி ஓடியவள் நின்று, திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "ஸாரின்னா என்ன, பாட்டி?"

"மன்னிப்புக் கேக்கறது, கண்ணு."

"மன்னிப்புன்னா?"

"தப்பு பண்ணினா சொல்றது."

"அதான் சொல்லிட்டேனே" என்று விளையாடப் போய்விட்டாள்.

முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் சொன்னவள் நான். நனைந்த உளுந்தைத் துணியில் பரப்பி உலர்த்திக்கொண்டே யோசித்தேன். குழந்தைக்குத் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு, அவளுக்குத் தெரியாத ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வகுப்பிலும் பல வருடம் இதைத்தான் செய்தோம். கரும்பலகையில் இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ், நடுவே ஒரு கோடு. இரண்டு பக்கத்தையும் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பொருள் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று நின்று கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஸாரியையே எடுத்துக்கொள்வோம். தொண்டை வலித்தால் ஆங்கிலத்தில் 'ஸோர் த்ரோட்' என்கிறார்கள். ஸோர் என்றால் புண், வலி. ஸாரியும் அந்தக் குடும்பத்தில் பிறந்த சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு மனம் நொந்திருப்பது என்று பொருள். மன்னிப்புக் கேட்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

இது நினைவுக்கு வந்ததும், சாயங்காலம் அவளை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன்: "அன்னிக்கு முட்டியில சிராய்ச்சிக்கிட்டியே, வலிச்சுதுல்ல? அந்த மாதிரி, பாட்டிக்கு உளுந்து நனைஞ்சிடுச்சேன்னு உன் மனசுல கொஞ்சம் வலிச்சா, அதைச் சொல்றதுதான் ஸாரி." முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுப்பதில் பயன் இல்லை. ஒரு சொல்லை வைத்து என்ன செய்யலாம், எப்போது அது வாயில் வரும் என்பதுதான் அவர்களுக்குப் பொருள். 1952-இல் அமெரிக்காவில் ரூத் க்ராஸ் என்ற எழுத்தாளர் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். படங்கள் மாரிஸ் செண்டாக் வரைந்தவை. இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளிடம் கேட்டுத் திரட்டிய விளக்கங்கள் அதில் இருக்கின்றன. புத்தகத்தின் பெயரே அப்படி ஒரு விளக்கம்தான்: குழி என்றால் தோண்டுவதற்கு. நம் வீட்டுப் பிள்ளையிடம் பாய் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "படுத்துக்க" என்றுதான் பதில் வரும். கோரைப் புல்லால் நெய்யப்பட்ட விரிப்பு என்று வராது.

ஸாரியைவிடச் சிரமமான சொல் ஒன்று உண்டு, ப்ளீஸ். அகராதியைப் பார்த்தால் 'தயவு செய்து' என்றிருக்கும். எந்த வீட்டில் அம்மாவிடம் தயவு செய்து தோசை ஊற்றுங்கள் என்று கேட்கிறோம்? நம் பேச்சில் அந்த வேலையை 'ங்க' பார்த்துக்கொள்கிறது. அதைவிட அழகாகப் பார்த்துக்கொள்வது 'கொஞ்சம்'. "அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க" என்கிறோம். பேனாவில் கொஞ்சம் ஏது, நிறைய ஏது? உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. "தாத்தாகிட்ட 'கொஞ்சம்' போட்டுக் கேப்பியே, இங்கிலீஷ்ல அந்த இடத்துலதான் ப்ளீஸ்" என்றால் பிள்ளைக்குப் போதும்.

தேங்க்யூ சுலபம். அந்தச் சொல்லும் 'நினை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. நீ செய்ததை நினைத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிக்கொடுங்கள். அங்கிள் என்பதற்கு விளக்கமே வேண்டாம். மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று உறவை முதலில் சரியாகக் காட்டிவிட்டால், இத்தனை பேருக்கும் அங்கே ஒரே சொல்லா என்று பிள்ளையே ஒருநாள் ஆச்சரியப்படும்.

விளக்கம் சொல்லாமலேகூடப் பிள்ளைகள் சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஆசிரியை ஒரு சின்ன வேலை சொல்கிறார். அங்கே இரண்டு தட்டு இருக்கிறது, குரோமியம் தட்டை எடுத்து வா, மற்ற நிறத்துத் தட்டு வேண்டாம். மங்கின பச்சைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதைப் பிள்ளைகள் அதுவரை கேட்டதே இல்லை. இருந்தும் சரியான தட்டை எடுத்து வந்தார்கள். நாள்கள் கழித்துக் கேட்டபோதும், அது ஒரு நிறத்தின் பெயர் என்பது பலர் மனதில் தங்கியிருந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை. வேலை சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், பாடநேரம் என்று உட்கார வைக்க வேண்டாம். "குட்டை டவல் இல்ல, அந்த லாங் டவலை எடுத்துட்டு வா" என்று ஒரு வேலை சொல்லுங்கள். நீளமான டவலைத் தூக்கிக்கொண்டு வரும்போது லாங் என்ற சொல்லும் கூடவே வந்துவிடும்.

போன வாரம் இருட்டில் கட்டில் காலில் என் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டேன். பேத்தி ஓடிவந்து, விரலைப் பிடித்துக்கொண்டு "ஸாரி, பாட்டி" என்றாள்.

"நீ என்ன பண்ணினே, கண்ணு? நானாத்தானே இடிச்சிக்கிட்டேன்."

"உனக்கு வலிக்குதுல்ல?" என்றாள்.

ஆங்கிலம் பேசும் ஊர்களில் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் ஸாரி என்று சொல்வது இந்தப் பொருளில்தான். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.