கணையப் புற்றுநோய்: கூட்டு மருந்துகள் வந்த வழி

கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிப்போயிருக்கும். இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் கிடக்கும் உறுப்பு கணையம். அங்கே கட்டி வளர்வது எளிதில் தெரியாது. தெரியவரும்போது அது கல்லீரலுக்குப் பரவியிருக்கும், அல்லது பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றி வளைத்திருக்கும். இவர்களுக்கான கீமோதெரபி எப்படி வளர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

1957. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் ஃப்ளோரோயுராசிலை அறிமுகப்படுத்தினார்கள். பல பத்தாண்டுகள் கணையப் புற்றுக்குக் கையில் இருந்த முக்கிய மருந்து அதுதான். 1960களில் குழந்தைகளின் ரத்தப் புற்றைப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் கட்டுப்படுத்தினார்கள். ஒரு மருந்துக்குத் தப்பிய செல் இன்னொன்றில் மாட்டும் என்பது கணக்கு. கணையத்தில் அந்தக் கணக்கு நெடுநாள் பலிக்கவில்லை.

1997-இல் ஒரு திருப்பம். 126 நோயாளிகளிடம் ஜெம்சிடபினையும் ஃப்ளோரோயுராசிலையும் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. நோயாளிகளில் பாதிப்பேர் தாண்டிய காலம் 4.4 மாதத்திலிருந்து 5.65 மாதமானது. ஓராண்டு கடந்தவர்கள் ஃப்ளோரோயுராசிலில் 2 சதவீதம், ஜெம்சிடபினில் 18 சதவீதம். இந்த ஆய்வின் பெருமை இன்னொன்றிலும் இருக்கிறது. வலி குறைந்ததா, எடை கூடியதா, எழுந்து நடமாட முடிகிறதா என்பதையே முதன்மையாக அளந்தார்கள். அப்படிப் பலன் பெற்றவர்கள் 5 சதவீதத்திலிருந்து 24 சதவீதமானார்கள்.

அடுத்த பத்தாண்டில் ஜெம்சிடபினோடு மருந்து மாற்றி மருந்து சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஏமாற்றமே. 2007-இல் எர்லோடினிப் சேர்த்ததில் கூடிய ஆயுள் ஏறத்தாழ 10 நாள்.

2011-இல் பிரான்சின் நான்சி நகர மருத்துவர் தியெரி கான்ராய் தலைமையிலான ஆய்வு வந்தது. ஜெம்சிடபினை விட்டுவிட்டு ஃப்ளோரோயுராசில், லூகோவோரின், இரினோடெகான், ஆக்சாலிபிளாட்டின் என்ற நான்கையும் சேர்த்தார்கள். அதுதான் ஃபோல்ஃபிரினாக்ஸ். நோய் பரவிய 342 பேரிடம் ஜெம்சிடபினோடு ஒப்பிட்டுச் சோதித்ததில், பாதிப்பேர் தாண்டிய காலம் 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமானது.

2013-இல் ஜெம்சிடபினோடு, ஆல்புமின் புரதத்தில் பிணைத்த பாக்லிடாக்சலைச் சேர்த்து 861 பேரிடம் செய்த ஆய்வு வந்தது. அதில் அந்தக் காலம் 6.7 மாதத்திலிருந்து 8.5 மாதமானது.

இரண்டு கூட்டுக்கும் ஒரு பொதுவான வேர் உண்டு. இரினோடெகானுக்கு மூலமான கேம்ப்டோதெசினைச் சீன மரம் ஒன்றிலிருந்தும், பாக்லிடாக்சலைப் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்தும் பிரித்தெடுத்தவர்கள் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும். அதே கேம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மரத்திலும் இருப்பதை 1972-இல் எழுதியவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி.

ஃபோல்ஃபிரினாக்ஸ் கடுமையானது. வெள்ளை அணுக்கள் குறையும், வயிற்றுப்போக்கு வரும், கைகால் மரத்துப்போகும். அதனால் உடல்தெம்பு உள்ளவர்களுக்கே கொடுத்தார்கள். ஆனாலும் ஆறு மாதத்தில் வாழ்க்கைத் தரம் மீளாமல் சரிந்தவர்கள் ஜெம்சிடபின் தரப்பில் 66 சதவீதம், ஃபோல்ஃபிரினாக்ஸ் தரப்பில் 31 சதவீதம்தான். மருந்தின் உபாதையைவிட அடங்காத நோயின் உபாதை பெரிது என்பதை இது காட்டுகிறது. ரத்தக்குழாயை மட்டும் சுற்றிய கட்டி சுருங்கி, பிறகு அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களும் உண்டு.

இவை எதுவும் நோயை முற்றிலும் தீர்த்துவிடவில்லை. அதனால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நிலை வந்தால், "எத்தனை மாதம்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்தக் கூட்டை இவர் உடல் தாங்குமா, வலிக்கு என்ன செய்வோம், சாப்பாடு இறங்க என்ன வழி, வலி தணிப்புச் சிகிச்சையை இன்றே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 1997-இல் ஆய்வாளர்கள் முதன்மையாக அளந்ததும் வலி, எடை, நடமாட்டம் ஆகியவற்றைத்தான். இவற்றைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.