பிரேக் புடிக்கலையா? எழுதிக் குடுங்க

பட்டறையில தினமும் நடக்குற பேச்சு இது. "அண்ணே, முன் பிரேக் சரியா புடிக்க மாட்டேங்குது." "வண்டியை நிறுத்திட்டுப் போ தம்பி, பாத்து வைக்குறேன்." சாயங்காலம் வண்டி கைக்கு வந்துடும், காசைக் குடுத்துட்டுக் கிளம்பிடுவோம். ஒரு மாசத்துல மறுபடியும் அதே பிரேக், அதே பட்டறை, அதே பேச்சு. இப்படித் திரும்பத் திரும்ப வர்ற கோளாறை மெக்கானிக் காதோட நிறுத்திடாதீங்க, எழுத்துல பதிவு பண்ணுங்க. இன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டுக்கப் போறது அது ஒண்ணுதான்.

எழுதுனா என்ன ஆகும்னு கேட்பீங்க. அமெரிக்காவுல நடந்ததைச் சொல்றேன். 2008-லேருந்து 2011 வரைக்கும் வந்த ஹார்லி-டேவிட்சன் ஏபிஎஸ் வண்டிகள்ல, முன்னறிவிப்பே இல்லாம பிரேக் போகுதுன்னு ஓட்டுறவங்க அரசோட சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு எழுத ஆரம்பிச்சாங்க. மொத்தம் 43 புகார். அதை வச்சுத்தான் 2016-ல சுமார் 4,30,000 வண்டிகள் மேல விசாரணை தொடங்குச்சு. 2018-ல கம்பெனி உலகம் முழுக்க ஏறத்தாழ 2,51,000 வண்டிகளை ரீகால் பண்ணுச்சு, அதாவது கோளாறைச் சரி பண்ணித் தர்றதுக்குத் திருப்பிக் கூப்பிட்டுச்சு. இத்தனைக்கும் அந்த 43 பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கக்கூட மாட்டாங்க. "நம்ம வண்டிக்கு மட்டும்தான் இப்படியோ"ன்னு அவங்க சும்மா இருந்திருந்தா, அந்தக் கோளாறு வெளியிலயே வந்திருக்காது.

கோளாறு எங்கேன்னா, பிரேக் ஆயில்ல. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். பழசாகப் பழசாக ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள இருக்குற வால்வுல படிவு சேரும், பிரேக் கைவிட்டுடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்தணும்னு கம்பெனி புத்தகத்துலயே போட்டிருந்துச்சு. புகார் குடுத்தவங்கள்ல நிறையப் பேர் மாத்தல. ஆனாலும், "நீ மாத்தல, உன் தப்பு"ன்னு விவகாரத்தை அதோட முடிச்சுடல. ரீகால்ல கம்பெனி செலவுலயே ஆயிலை மாத்திக் குடுத்தாங்க. அதனால, "சர்வீஸ் நாள் தள்ளிப் போயிடுச்சே, நாம எப்படிப் புகார் சொல்றது"ன்னு தயங்காதீங்க.

நம்ம டிஸ்க் பிரேக் வண்டிக்கும் இதே ஆயில்தான். ஹேண்டில்ல இருக்குற பிரேக் ஆயில் டப்பாவோட சின்னக் கண்ணாடி வழியா பாருங்க. புது ஆயில் லேசான மஞ்சளா இருக்கும். காப்பி நிறத்துக்கு வந்துட்டா மாத்தியே ஆகணும். ஆயில் ரகம் டாட் 3-ஆ, டாட் 4-ஆன்னு டப்பா மூடியிலயே எழுதியிருக்கும், அதையே ஊத்தச் சொல்லுங்க. ஈரம் ஏறுன ஆயில் சீக்கிரம் கொதிக்கும். மலை இறங்கும்போதுதான் இது ஆபத்து. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. பெட்ரோல் மிச்சம் பண்ணணும்னு இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல இறங்குறவங்களை அங்க நிறையப் பார்க்கலாம். மொத்த பாரமும் பிரேக் மேல விழும். ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. தயவு செஞ்சு கியர்ல இறங்குங்க.

ஓட்டும்போதே பிரேக் போயிடுச்சுன்னா ஆக்சிலேட்டரை விட்டுடுங்க. கிளட்சைப் புடிச்சே வச்சிருக்காதீங்க. லீவரை விட்டு விட்டு வேகமா அமுக்குங்க, பல நேரம் கொஞ்சம் பிரேக் திரும்பி வரும். இன்னொரு பிரேக்கை அளவா மிதிச்சுக்கிட்டு, ஒவ்வொரு கியரா குறைச்சு ஓரம் ஒதுங்குங்க. நின்ன வண்டியை அப்புறம் உருட்டித்தான் கொண்டு போகணும்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 2021 டிசம்பர்ல சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 26,300 கிளாசிக் 350 வண்டிகளை ரீகால் பண்ணுச்சு. பின்னாடி டிரம் பிரேக் இருக்குற மாடல், அந்த வருஷம் செப்டம்பர் 1-லேருந்து டிசம்பர் 5 வரைக்கும் தயாரானது. பிரேக் மிதிச்சா, டிரம்மை மூடியிருக்குற தட்டும் சக்கரத்தோட சேர்ந்து சுத்தப் பார்க்கும். அதைச் சுத்த விடாம பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்மோட புடிச்சு நிறுத்துற துண்டு, ரியாக்‌ஷன் பிராக்கெட். பின் பிரேக்கை ரொம்ப பலமா மிதிச்சா அது சேதமாகலாம், முதல்ல வித்தியாசமான சத்தம் வரும், அப்புறம் பிரேக் குறையும்னு கம்பெனியே சொல்லுச்சு. அதனாலதான் சொல்றேன், புதுசா ஒரு சத்தம் கேட்டா "போகப் போக சரியாயிடும்"னு விட்டுடாதீங்க.

இப்ப எப்படிப் பதியுறதுன்னு பார்ப்போம். சர்வீஸ் சென்டர்ல நீங்க என்ன சொன்னாலும் ஜாப் கார்டுல "ஜெனரல் செக்கப்"னு எழுதிட்டுப் போறது வழக்கமா இருக்கு. விடாதீங்க. "40 வேகத்துல முன் பிரேக் அமுக்குனா லீவர் உள்ள போகுது, இந்த மாசத்துல ரெண்டாவது தடவை"ன்னு நீங்க சொன்னபடியே எழுதச் சொல்லி, படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. கழட்டுன பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கி வைங்க. அதையே சேசிஸ் நம்பர், ஓடுன கிலோமீட்டர் போட்டு கம்பெனிக்கு மெயில் பண்ணுங்க.

அடுத்தது அரசு. 2019-ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ பிரிவு, கோளாறான வண்டியை ரீகால் பண்ணச் சொல்லி கம்பெனிக்கு உத்தரவு போடுற அதிகாரத்தை மத்திய அரசுக்குக் குடுத்திருக்கு. அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-லேருந்து அமல்ல இருக்கு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அந்த மாடல் எத்தனை வித்திருக்கு, எத்தனை பேர் புகார் குடுத்திருக்காங்கன்னு அந்த விதிகள் கணக்குப் பார்க்குது. அந்தக் கணக்குல ஏறணும்னா புகார் பதிவாகணும். போக்குவரத்து அமைச்சகத்தோட பரிவாஹன் இணையதளம் வழியாப் பதியலாம். நுகர்வோர் உதவிக்கு 1915-க்குப் போன் பண்ணலாம். கம்பெனி மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. வண்டி விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

விபத்தே நடந்துட்டா இன்னும் கவனமா இருக்கணும். வழக்குல "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினார்"னு போலீஸ் எழுதுறது சுலபம். அடிபட்டவங்க ஆஸ்பத்திரியில கிடப்பாங்க, அவங்க பக்கத்தைச் சொல்ல ஆள் இருக்காது. பிரேக் இன்ஸ்பெக்டர்னு நாம சொல்ற மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்குறதுக்கு முன்னாடி யாரும் அதுல கை வைக்க வேண்டாம். லீவர், ஹோஸ், சக்கரம் எல்லாத்தையும் கிட்டக்கப் போய்ப் போட்டோ எடுத்து வைங்க. பிரேக் போனது தெரிஞ்சா அவர்கிட்ட தெளிவாச் சொல்லுங்க, அறிக்கையில ஒரு நகல் கேட்டு வாங்குங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டி வச்சிருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரீகால் தகவல் முதல்ல வாங்குனவர் போனுக்கே போயிடலாம், அவர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லப் போறதில்ல. சேசிஸ் நம்பரை எடுத்துக்கிட்டு டீலர்கிட்ட போய், இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கான்னு கேளுங்க. இருந்தா இலவசமா பண்ணித் தருவாங்க. ஆர்.சி.யை உங்க பேருக்கு மாத்தும்போது போன் நம்பரையும் மாத்துங்க, டீலர்கிட்டயும் அதே நம்பரைக் குடுத்துடுங்க.