சுமை வரும் வேகம்

எலும்பும் தசையும் உழைப்புக்கேற்ப மாறுவதையும், நலிவதையும், காயமுறுவதையும் ஆராயக் கூடியுள்ள இந்த அவைக்குப் பேரையூர் வட்டாரமே நல்லதொரு களமாகும். பருவமழையை நம்பிய மானாவாரிக் கரிசலில் வேலை ஆண்டு முழுதும் ஒரே அளவாக அமைவதில்லை; கோடையில் ஓய்ந்திருந்த உடல், மழை விழுந்ததும் விதைப்பு, களையெடுப்பு, பருத்தி எடுப்பு என்று நாள் முழுதும் குனிந்தும் சுமந்தும் உழைக்க வேண்டியதாகிறது. பல காயங்களுக்குச் சுமையின் கனத்தைவிட அது வந்து சேரும் வேகமே காரணம் என்பதை இம்மாநாடு முதன்மையாகக் கருதுதல் வேண்டும்.

எலும்பின் உள்ளமைப்பு அதன்மேல் விழும் விசைகளுக்கேற்பத் திருந்தி அமைகிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் நூலாக விளக்கினார். இத்திருத்தத்தில் எலும்பழிக்கும் செல்கள் பழைய பகுதியைச் சில வாரங்களில் அரித்துவிட, எலும்பாக்கும் செல்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பச் சில மாதங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் அவ்விடம் முன்னிலும் வலுக்குறைந்தே இருக்கும். தசையோ, நரம்புகள் அதன் இழைகளை ஒருங்கே இயக்கப் பழகிவிடுவதால், சில வாரங்களிலேயே வலுப்பெற்றுவிடுகிறது. ஆகவே எலும்பு ஆயத்தமாகுமுன்பே உடலுக்குத் துணிவு வந்துவிடுகிறது.

இதன் விளைவை 1855இலேயே பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தொலைவு நடந்த வீரர்களின் பாத வீக்கமாகப் பதிவு செய்தார். அது மீள்சுமையால் எலும்பில் விழும் நுண்முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பின்னரே தெளிவாயிற்று. இன்று ராணுவ ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகத் தார்ச்சாலையில் திடீரெனப் பயிற்சி தொடங்கும் கிராமத்து இளைஞனின் முன்கால் எலும்பு வலியும் இவ்வகையினதாக இருக்கலாம். அதைச் சுளுக்கென்று எண்ணித் தைலம் தேய்த்துவிட்டு மறுநாளும் ஓடுவது விரிசலை முழு முறிவாக்கக் கூடும்.

ஆடி அமாவாசையில் சதுரகிரி மலை ஏறுவோரிடம் தசையின் இயல்பு தெளிவாகத் தெரிகிறது. மூச்சு வாங்குவது ஏற்றத்தில். தசை புண்படுவது பெரும்பாலும் இறக்கத்தில். இறங்கும்போது முன்தொடைத் தசை உடலெடையைத் தாங்கியவாறே நீள வேண்டியிருப்பதால் அதன் நுண்ணிழைகள் சிதைந்து, வலி ஓரிரு நாள் கழித்தே உச்சமடைகிறது. அதே தசை சில வாரங்களுக்குள் மறுபடி இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே முறையில் அது கற்றுக்கொள்ளும் பாடம் வியப்புக்குரியது.

வலுப்பெறுவதைவிட நலிவது விரைவானது. எடையின்மையில் வாழும் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கிறது. மாவுக்கட்டிட்ட காலின் தசை மெலிவதோ சில நாள்களிலேயே தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்புப்புரை, அதாவது எலும்பு துளைபட்டு அடர்த்தி குறையும் நிலை, பெண்களிடம் விரைவுபடுவதால், ஓய்ந்திருந்து மீண்டும் களைக்குச் செல்லும் முதிய பெண்ணுக்கு இடர் மேலும் கூடுகிறது.

ஆதலின், வலி எங்கே என்று வினவும் மருத்துவர்கள், கடந்த மூன்று மாதங்களில் வேலை எப்படி மாறியது என்பதையும் கேட்டுக் குறிப்பேட்டில் பதிவு செய்யுமாறு இம்மாநாடு வேண்டுகிறது.