மசாஃபி: வழிப்போக்கர்கள் வளர்த்த ஊர்



மரபுரிமை என்றவுடன் கோட்டைகளும் கோபுரங்களும்தான் எங்கள் மனக்கண்ணில் வந்து நிற்கும். பயணிகள் இறங்கித் தண்ணீர் குடித்து, இளைப்பாறி, வாகனத்துக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டு போகும் ஒரு சிறிய ஊரை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இன்று அப்படியான ஓர் ஊரைப் பற்றித்தான் பேசப் போகின்றேன். ஐக்கிய அரபு அமீரகத்தின் மலைப்பகுதியில், புஜைரா நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உள்ளே இருக்கும் மசாஃபி அது. வளைகுடாவில் வேலை செய்து திரும்பிய உறவினர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலில் அந்தப் பெயரை வாசித்த ஞாபகம் அவர்களுக்கு நிச்சயம் இருக்கும்.

ஒரு பக்கம் பாலைவனச் சமவெளி, மறுபக்கம் ஓமான் வளைகுடாக் கடல், நடுவே ஹஜர் மலைத்தொடர். மலையைக் கடக்க வாடி ஹாம் என்ற வரண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கே முக்கிய வழி. அந்த வழியின் தலைமாட்டில் நிற்கிறது மசாஃபி. ஒரு வீதி இங்கிருந்து புஜைராவுக்கு இறங்குகிறது. இன்னொன்று வடக்கே திப்பாவுக்குப் போகிறது. தண்ணீரும் உண்டு, வழியும் பிரிகிறது. ஓர் ஊர் பிறக்க வேறென்ன வேண்டும்?

இந்த ஊரின் வயதும் சிறியதல்ல. 2000ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இங்கு அகழ்ந்தபோது, ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முந்திய இரும்புக்காலக் கட்டடங்களும் வெண்கலத்தில் செய்த பாம்பு உருவங்களும் கிடைத்தன. பள்ளத்தாக்கின் கீழே, புஜைராவிலிருந்து 13 கிலோமீற்றர் தூரத்தில் பித்னா கோட்டை இருக்கிறது. அதைக் கையில் வைத்திருந்தவரே இந்த வழியையும் கையில் வைத்திருந்தார். 1925இல் பிரித்தானியப் போர்க்கப்பல் கடலிலிருந்து சுட்டுச் சேதப்படுத்திய புஜைராக் கோட்டை பின்னர் திருத்திக் கட்டப்பட்டது. இன்று எல்லோரும் அதைப் பார்க்கப் போகிறார்கள். கோட்டைக்குக் கதை சொல்ல ஆள் உண்டு. வழிக்கும் வழியில் இருந்த ஊருக்கும் யார் சொல்வது?

1970களில் மலையினூடாகத் தார் வீதி வந்தது. ஒட்டகத்தில் நாட்கணக்காக நடந்த பயணம் மணிக்கணக்காகச் சுருங்கியது. தண்ணீரைப் போத்தலில் அடைக்கும் தொழிலும் அதே பத்தாண்டில் இங்கு தொடங்கியது. வீதியோரத்தில் ‘வெள்ளிக்கிழமைச் சந்தை’ வளர்ந்தது. பெயர்தான் வெள்ளிக்கிழமை, வாரம் முழுவதும் கடை திறந்திருக்கும். கம்பளம், மண்பானை, பழம், பூச்செடி என்று விற்றவர்களில் பலர் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள். ஆகவே இந்த ஊரின் மரபுரிமையில் அரபு மக்களோடு, பிழைக்க வந்த பிறநாட்டவர்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு.

2011ஆம் ஆண்டின் இறுதியில் டுபாயையும் புஜைராவையும் நேராக இணைக்கும் ஷேக் கலீஃபா நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஓடத் தொடங்கின. பயண நேரம் குறைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த வீதி மசாஃபியைத் தொடாமல் போனது. வியாபாரம் விழுந்துவிட்டதென்று சந்தைக் கடைக்காரர்கள் முறையிட்ட செய்திகள் அப்போது வெளிவந்தன. வீதியால் வாழ்ந்த ஊருக்கு வீதியாலேயே நெருக்கடி வந்தது.

இது அரபு நாட்டுக்கு மட்டும் உரிய கதையல்ல. அவுஸ்திரேலியாவின் வரண்ட உட்பகுதியில் ஊட்னடாட்டா என்ற ஊர் இருக்கிறது. 1891 முதல் 1929 வரை வடக்கே செல்லும் ரயில் பாதை அங்கேதான் முடிந்தது. அதற்கப்பால் ஒட்டகங்கள் சுமந்தன. 1980இல் அந்தப் பாதையே மூடப்பட்டது. ஆனால் பழைய ரயில் நிலையத்தை இடிக்காமல் அருங்காட்சியகமாக்கினார்கள். ரயில் போனாலும் ரயிலின் கதை ஊரில் தங்கியது.

நேயர்களே, இதை எங்களுக்கு ஏன் சொல்கின்றேன்? எங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது, இருக்கிறது. ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போன வாகனம் உண்டா? தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடித்த பிறகுதான் பயணம் தொடரும். போரில் அந்த வீதி மூடப்பட்டது, 2002இல் திறந்தது, 2006இல் மீண்டும் மூடியது. வீதி மூடினால் கச்சான் வறுத்தவரின் அடுப்பும் அணைந்தது. பிறகு பாதை திறந்துவிட்டது. ஆனால் முன்பு அங்கே யார் கடை வைத்திருந்தார், எந்த மர நிழலில் பஸ் நின்றது என்பதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. அது எங்கள் வீட்டு முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

கோட்டையைக் கல் காப்பாற்றும். தரிப்பிடத்தைக் காப்பாற்றக் கல் இல்லை, சொல்தான் உண்டு. ஆகையால் இந்த மாதம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். அம்மம்மாவையோ தாத்தாவையோ பக்கத்தில் இருத்தி, ஊரிலிருந்து புறப்பட்டால் எங்கெங்கே நிற்பீர்கள், என்ன வாங்குவீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்க விடுங்கள். சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊர்ப் பெயர், கடைக்காரர் பெயர், தண்ணீர் அள்ளிய கிணறு, எல்லாம். பிறந்த ஊரின் பெயரைப் பிள்ளைகள் அறிவார்கள். அந்த ஊருக்குப் போகும் வழியையும் அவர்கள் அறியட்டும்.