கைத்தொலைபேசி ஊமையானால்
(திரிங்காப்பில் ஆற்றிய உரை)



இம்மலைச்சரிவிலாயினும் பால்மரக் காட்டிலாயினும் கைத்தொலைபேசி ஊமையானதும் கடைக்கு ஓடி, ஒரு நாட்கூலியைக் கொடுத்துவிடுகிறோம். பழுது கருவியிலா, சிம் அட்டையிலா, கோபுரத்திலா என நாமே முதலில் ஆராயலாம்.

அதே நிறுவன அட்டையுடைய அண்டை வீட்டாரின் தொலைபேசியும் ஊமையெனில், கோபுரத்தில் குறை. அன்றேல் குன்று மறைக்கின்றது. அது பேசினால் நமது கருவியை அணைத்து மீண்டும் இயக்குவோம். பயனில்லையேல் அட்டையைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துப் பொருத்துவோம். பின்னர் அவ்வட்டையை அண்டை வீட்டாரின் கருவியில் இட்டுப் பார்ப்போம். அங்கே பேசினால் நோய் நம் கருவியில்தான். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருசேர மாற்றினால் காரணம் புலப்படாது.

நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆகவே 4ஜி வசதியற்ற பழைய கருவியில் அழைப்பு வரலாம், இணையம் சரிவர ஓடாது. அதனைப் பழுதுபார்க்க வெள்ளி செலவிடுவது வீண். கடைக்காரர் எல்லாரும் இதனை முன்கூட்டியே சொல்வர் என எதிர்பார்க்க வேண்டாம்!

பனியிலோ மழையிலோ நனைந்த கருவியை முற்றும் உலருமுன் மின்னேற்றாதீர். அரிசியில் புதைக்கவும் வேண்டாம். அதன் துகள் துளைகளில் புகும். காற்றாட வைத்தலே போதுமானது.